மூத்தவருக்கு முதல் கும்பிடு

மகனே,

உன்னை நான் எப்போதும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவேன். பெற்ற பிள்ளையைத் தம்பி என்பது அறந்தாங்கிப் பக்கத்தில் வழக்கம். இந்தக் கடிதத்தில் மட்டும் அந்தச் சொல்லை உனக்குத் தரப்போவதில்லை. அது எனக்கே வேண்டியிருக்கிறது. எதற்கு என்று கடைசியில் தெரியும். கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாதிக் கோபம் உன் மேல், மீதி என் மேல். உன் கைப்பேசிக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் இதை நம் ஷார்ஜா ஊர்க்காரர்கள் குழுவிலும் கம்பெனி ஆட்களின் குழுவிலும் போடப்போகிறேன். எல்லோர் முன்னாலும் இருபத்தேழு வருடம் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் திருத்தினால் அது திருத்தம் ஆகாது.

உன் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை நம் ஃபிளாட்டுக்கு வந்தாய். என்னையும் அம்மாவையும் சோபாவிலிருந்து எழுப்பி நிற்கவைத்து, பெண் வீட்டாரான தாய்லாந்துக்காரர்கள் எப்படிக் கும்பிடுவார்கள் என்று பாடம் நடத்தினாய். சமவயதுக்காரருக்கு மார்பு உயரத்தில் கை. பெரியவர்களுக்குக் கட்டைவிரல் மூக்கு நுனியில் படவேண்டும், தலை தானாகத் தாழவேண்டும். புத்த பிக்குகளுக்கு அதற்கும் மேலே, புருவ மத்தியில். சிறியவர்தான் முதலில் கும்பிடவேண்டும். பெரியவர் முந்திக்கொண்டால் சிறியவருக்கு ஆயுள் குறையும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. நான் கை கூப்பியதும் நீ தலையில் அடித்துக்கொண்டாய். "டாட், ப்ளீஸ். இது எலக்‌ஷன்ல நிக்கிறவங்க கும்பிடு. எல்போ ரெண்டையும் உள்ள வைங்க. தம்ப் மூக்குல படணும்." ஐம்பத்தெட்டு வயதில் எனக்குக் கும்பிடக் கற்றுக்கொடுக்கிறான் பார் என்று உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் கட்டைவிரலை மூக்கில் வைத்துத் தும்மல் வந்தவளைப்போல நின்றாள். சிரித்துவிட்டோம்.

பிறகு முறைச் சொற்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அண்ணன் என்றால் 'லுங்'. அம்மாவின் உடன்பிறந்த இளையவர் 'நா', அப்பாவின் இளையவர் 'ஆ'. பெரியவர்களிடம் பேசும்போது பெண்பிள்ளைகள் 'நான்' என்றுகூடச் சொல்லமாட்டார்கள், 'நூ' என்பார்கள், அப்படியென்றால் எலி என்றாய். வாக்கியத்தின் கடைசியில் ஆண் 'க்ராப்' சேர்க்கவேண்டும், பெண் 'கா' சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் மரியாதை இல்லை. ஒருவரைப் பார்த்ததும் வயதைக் கேட்பார்கள், அது மரியாதைக் குறைவு அல்ல, வயது தெரியாமல் எப்படிக் கூப்பிடுவது என்றாய். மூத்தவர் என்றால் இன்ன சொல், இளையவர் என்றால் 'நோங்'. அந்த மூத்தவருக்கான சொல்லை நீ வாய்விட்டுச் சொன்னதும் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். என்ன செய்வது, அவர்கள் மொழியில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் 'பீ' என்றுதான் பெயர். "மண்டபத்துல நம்ம ஆளுக முன்னாடி அத மட்டும் சொல்லிராதய்யா, மானம் போயிரும்" என்றாள். நீ சிரிக்கவில்லை. "திஸ் இஸ் தேர் கல்ச்சர், மாம்" என்றாய். முகம் சுருங்கிப்போயிற்று உனக்கு.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குப் பொறாமையாக இருந்தது. உன் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவரைக் கடக்கும்போது நீ முதுகை வளைத்துக் குனிந்து போகிறாய். நான் டியூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், டீப்பாய் மேல் போட்ட காலை எடுக்காமலே "ஹாய் டாட்" என்பவன் நீ. அந்தக் காலின் உள்ளங்கால் என் முகத்துக்கு நேராக இருக்கும். தாய்லாந்தில் அது பெருங்குற்றமாம். அதையும் நீதான் சொன்னாய். ஒரு வருடத்தில் இத்தனையும் கற்றுக்கொண்ட பிள்ளை, தன் வீட்டு வழக்கத்தை இருபத்தைந்து வருடத்தில் ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று உன்மேல் எரிச்சல் பட்டேன். அந்த எரிச்சல் நான்கு நாள்தான் தாங்கியது. அதன் பிறகு, கற்றுக்கொடுத்தவன் யார் என்று யோசித்தேன். விதைத்ததுதானே முளைக்கும்.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது. எங்கள் கம்பெனி யார்டில் இரும்பு வெட்டிப் பற்றவைக்கும் வேலை பார்த்தாரே வேலு, வேலுச்சாமி, அவர் எனக்கு அண்ணன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் இங்கே வந்து எட்டு வருடம் கழித்துத்தான் நான் வந்தேன். நான் டைப்ரைட்டிங்கும் டிப்ளமாவும் படிக்கவேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக நின்றவர் அவர். ஆபீசில் கிளார்க் வேண்டும் என்று தெரிந்ததும் மேனேஜர் காலடியில் போய் நின்று எனக்காகக் கேட்டவரும் அவர்தான். அப்போதைய மேனேஜருக்கு ஒரே வீட்டில் இரண்டு பேர் என்றால் ஆகாது. அதனால் "எங்க ஊருப் பையன், நல்லா படிச்சவன் சார்" என்றுதான் என்னைச் சொல்லியிருந்தார்.

நான் வந்து இறங்கிய அன்று, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் ரூமில் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுக் கீழே பாய் விரித்துக்கொண்டார். "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க" என்று அறையில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் சொல்லி என் தலையைத் தடவினார். உடனே இன்னொன்றும் சொன்னார். "நாளையிலேர்ந்து என்னய அண்ணேன்னு கூப்புடாத. பேரச் சொல்லிக் கூப்புடு. நீ ஆபீஸ் ஆளு, நான் லேபரு. நான் உன்ன சார்னுதான் சொல்லுவேன், சங்கடப்படாத." சங்கடப்பட்டேன். முதல் நாள் 'வேலு' என்று கூப்பிட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஒரு மாதத்தில், "ஏ வேலு, இங்க வா" என்றுகூட வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் இரண்டு பேருக்கும் அப்பா பெயர் ஒன்றுதான். அதை யாரும் கவனிக்கவில்லை. லேபர் பாஸ்போர்ட்டை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

யார்டில் இருந்த பெஷாவர்க்காரர், நேபாளி, பீகாரி எல்லோரும் அவரை 'வேலு பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். பாய் என்றால் அண்ணன். டீக்கடைக்காரரை நான் 'சேட்டா' என்றேன், அதுவும் அண்ணன்தான். ஊருக்குப் போனால் பஸ் கண்டக்டரை 'அண்ணே' என்றேன். வழியில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அந்தச் சொல்லைத் தாராளமாகக் கொடுத்தேன். கூடப் பிறந்த ஒருவருக்கு மட்டும் கொடுக்கவில்லை.

நீ ஐந்து வயதில் அம்மாவோடு இங்கே வந்தாய். வெள்ளிக்கிழமைதோறும் பெரியப்பா நம் வீட்டுக்கு வருவார். வீட்டுக்குள் நீ அவரைப் பெரியப்பா என்றுதான் சொல்வாய்; அவர் முதுகில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டாய். அப்போது உனக்கு ஏழு வயது இருக்கும். ரோலா கடைவீதியில் சூப்பர் மார்க்கெட்டுக்கு அவரோடு போனோம். நீ மாம்பழ ஜூஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு "பெரியப்பா, பெரியப்பா" என்று கத்தியபடி ஓடிவந்தாய். எதிரே மேனேஜரும் அவர் மனைவியும் தள்ளுவண்டியோடு நின்றார்கள். மேனேஜர் திருநெல்வேலிக்காரர், தமிழ் தெரியும். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே, "நம்ம யார்டு வேலு சார். பையனுக்கு வயசானவங்க எல்லாரும் பெரியப்பாதான்" என்றேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கார் கதவைச் சாத்தியதும் உன் தொடையைக் கிள்ளினேன். "வெளியில அங்கிள்னு சொல்லணும். வேலு அங்கிள். புரிஞ்சுதா?" நீ அழுதாய். பின் சீட்டில் இருந்த பெரியப்பா உன் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "அப்பா சொல்றதக் கேளுய்யா. அங்கிள்னாலும் நாந்தானே" என்றார். அந்தக் கிள்ளல் உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. பாடம் மட்டும் நன்றாக நினைவிருந்தது.

'அங்கிள்' என்ற சொல்லைப்போல வசதியான சொல் உலகத்தில் கிடையாது. பெரியப்பா, சித்தப்பா, மாமா, எதிர் ஃபிளாட்டுக்காரர், வாட்ச்மேன் எல்லோரும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். யார் மூத்தவர், யார் இளையவர், யாருக்கு யார் என்ன வேண்டும் என்று அந்தச் சொல் எதையும் வெளியே விடாது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. இரண்டு வருடத்தில் வீட்டுக்குள்ளும் நீ அங்கிள் என்றே சொல்ல ஆரம்பித்தாய். உன் அம்மா ஒருநாள் அடுப்படியிலிருந்து, "பெத்த அப்பனுக்கு மூத்தவர அங்கிள்ங்குறான், நீங்களும் கேட்டுக்கிட்டு இருக்கீங்க" என்று கத்தினாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, மேனேஜருக்குப் பயந்தேன் என்று வைத்துக்கொள். அந்த மேனேஜர் அடுத்த சில வருடங்களில் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவர் தன் மைத்துனன், ஒன்றுவிட்ட தம்பி என்று நான்கு பேரைக் கொண்டுவந்து நிரப்பினார். உறவுக்குத் தடையே இல்லாமல் போயிற்று. அப்போது சொல்லியிருக்கலாம். நான் அப்போது அட்மின் ஆபீசர். கழுத்துப்பட்டை கட்டுகிறவன். வெயிலில் கறுத்து, கையெல்லாம் பொறி பட்ட தழும்போடு நிற்பவரைக் காட்டி இவர் என் அண்ணன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு வேறு அழகான காரணம் எதையும் நான் தேடப்போவதில்லை. வெட்கம், அவ்வளவுதான். அவர் எனக்காகச் சொன்ன பொய்யை நான் எனக்காக வைத்துக்கொண்டேன்.

இனி உன் கல்யாணம். பத்திரிகையை நீயே கேம்ப் வாசலில் போய்க் கொடுத்தாய். உறையில் 'வேலு அங்கிள்' என்று எழுதியிருந்தாய். அவர் புதுச் சட்டையை இஸ்திரி போட்டு, யார்டு ஆட்களோடு கம்பெனி பஸ்ஸில் துபாய்க்கு வந்து இறங்கினார். ஹால் வாசலில் நானும் உன் மாமியாரும் வரவேற்க நின்றோம். அண்ணன் எப்போதும்போல முந்திக்கொண்டு, சார் வீட்டுச் சம்பந்தி என்ற பணிவில், நன்றாகக் குனிந்து கும்பிட்டார். கட்டைவிரல் மூக்கில் பட்டது. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் மாமியார் திடுக்கிட்டு என்னிடம் விரலால் கணக்குக் காட்டி அவர் வயதைக் கேட்டார். அறுபத்து நான்கு என்றேன். உன் மாமியாருக்கு அறுபத்திரண்டு. உடனே கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, இரண்டடி பின்வாங்கி, அவரைவிடத் தாழக் குனிந்து கும்பிட்டார். மூத்தவரை முதலில் கும்பிடவைத்துவிட்டோமே என்ற பதற்றம் அவர் முகத்தில் தெரிந்தது. ஒரு அந்நியருக்காக ஒரு பெண்மணி இவ்வளவு பதறுகிறாரே என்று நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாலி கட்டி முடிந்ததும் அவர்கள் பக்கத்துச் சடங்கு. நீயும் உன் மனைவி மாலியும் மண்டியிட்டுக் கைகளைக் கூப்பி நீட்டியிருந்தீர்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து சங்கிலிருந்து உங்கள் கைமேல் நீர் ஊற்றி வாழ்த்தவேண்டும். மூத்தவர் முதலில். நீதான் வரிசை எழுதியிருந்தாய். நம் பக்கத்தில் முதல் பெயர் என்னுடையது. நான் கையை நீட்டியதும் உன் மாமியார் சங்கைக் கொடுக்காமல் நிறுத்தினார். ஹாலின் கடைசி மேசையைப் பார்த்தார். அங்கே யார்டு ஆட்களோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். உன் மாமியார் தன் காது மடலைத் தொட்டுக் காட்டினார், அவரைக் காட்டினார், என்னைக் காட்டினார். எங்கள் இருவருக்கும் எங்கள் அப்பாவின் காது, முறம்போலப் பெரியது. இருபத்தேழு வருடம் ஒரு கம்பெனியே பார்க்காததை அந்த அம்மாள் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டார். உன்னிடம் கேட்டார்: "பீ நோங்?"

அண்ணன் தம்பியா என்று கேட்கிறார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நம் ஆட்கள் குபீரென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே நீ என்னை ஒருமுறை பார்த்தாய். ஒரு கணம்தான். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். முன்வரிசையில் என் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். நீ மாமியார் பக்கம் திரும்பி, "மை சாய் க்ராப்" என்றாய். மை சாய் என்றால் 'அப்படி இல்லை'. பெரியப்பாவை இல்லை என்று சொல்லும்போதும் 'க்ராப்' சேர்க்க நீ மறக்கவில்லை. அவ்வளவு மரியாதை. அண்ணனுக்கு அந்த மொழி புரியவில்லை, ஆனால் விரல் தன்னைக் காட்டியது புரிந்தது. அவரும் சிரித்தபடி, நான் இல்லை, நான் இல்லை என்று கையை ஆட்டினார். நான் சங்கை வாங்கி நீர் ஊற்றினேன். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் கசக்கிறது.

பத்து நாள் கழித்து மாலி எனக்குப் போன் செய்தாள். உனக்குச் சொல்லாமல் செய்வதாகச் சொன்னாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கல்யாணப் படங்களைப் பார்த்தபடி அவள் அம்மா ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். "அப்பா கா, நூ ஒன்று கேட்கட்டுமா? வேலு அங்கிள் உங்கள் அண்ணனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். இந்த நாட்டில் இந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் ஆமாம் அது. "அப்படியானால் என் அம்மா தப்புச் செய்துவிட்டார். மூத்தவர் இருக்க இளையவரை முதலில் ஊற்றவைத்துவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், எங்களை அழைத்துப்போவீர்களா?" என்றாள். தப்புச் செய்தது யார், மன்னிப்புக் கேட்கத் துடிப்பது யார் என்று பார்.

வெள்ளிக்கிழமை மாலை அழைத்துப்போனேன். இண்டஸ்ட்ரியல் ஏரியா டிராஃபிக்கில் கார் நகரவில்லை. லுங் என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டாள் மாலி. சொன்னேன். வழியெல்லாம் பெ-ரி-யப்-பா, பெ-ரி-யப்-பா என்று சொல்லிப் பழகிக்கொண்டே வந்தாள். கேம்புக்குள் பெண்களை விடமாட்டார்கள். வாசலில் இருக்கும் கஃப்டீரியாவுக்கு அண்ணனை வரச்சொன்னேன். லுங்கியை அவிழ்த்துப் பேன்ட் மாட்டிக்கொண்டு, என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உன் மாமியார் மல்லிகை மாலை வைத்த சின்னத் தட்டை நீட்டி, மூக்கு உயரத்தில் கை வைத்துக் கும்பிட்டார். மாலி அந்த அழுக்குத் தரையிலேயே கால்களை ஒரு பக்கமாக மடித்து உட்கார்ந்து, நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். நிமிர்ந்து, "பெரியப்பா" என்றாள். சுத்தமாகச் சொன்னாள். கையில் டீக் கோப்பையோடு யார்டு ஆட்கள் சுற்றி நின்றார்கள். "க்யா ஹுவா, வேலு பாய்?" என்று யாரோ கேட்டார்கள், என்ன ஆயிற்று என்று.

அண்ணன் பதறி எழுந்தார். கண் கலங்கிப்போயிருந்தது. என்னைப் பார்த்து, "சார், என்ன சார் இதெல்லாம்? புள்ளைய எந்திரிக்கச் சொல்லுங்க சார்" என்றார். நான் சொல்லவேண்டியது மூன்றெழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. சுற்றி நிற்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி 'அண்ணே' என்றிருந்தால் போதும். வாயைத் திறந்தேன். "வேலு..." என்றுதான் வந்தது. பழகிப்போன நாக்கு. அவர் என் தோளில் கை வைக்க வந்து, ஆட்கள் நிற்பதைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார். "விடுங்க சார்" என்றார். மாலையாகக் கட்டிய மல்லிகையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். இனி வரமாட்டார். விசாவை ரத்துசெய்யும் காகிதத்தை டைப் செய்தவன் நான். ஏர்போர்ட்டுக்குக் காரில் கொண்டுபோனேன். முன்னால் உட்காரச் சொன்னேன். "இருக்கட்டும் சார், பழகிருச்சு" என்று பின்னால் ஏறிக்கொண்டார். இறங்கும்போது, "சின்னவரு வரலியா?" என்று உன்னைக் கேட்டார். நீ இருபது நிமிட தூரத்தில் ஆபீசில் இருந்தாய். மாலி உன்னிடம் எல்லாம் சொல்லி நான்கு நாள் ஆகியிருந்தது. உன் மெசேஜ் வந்திருப்பதாகக் காட்டினார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, நான்தான் வாசித்தேன். 'சேஃப் ஃப்ளைட், அங்கிள்.' பக்கத்தில் கும்பிடும் கைப் படம் ஒன்று. அந்தக் கை மார்பு உயரமா, மூக்கு உயரமா என்று எனக்குத் தெரியவில்லை. "கும்புட்டுருக்கு பாருங்க புள்ள" என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மகனே, மாலியிடமிருந்து நீ கற்றதை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் அந்தச் சொற்கள் நிற்பது, அவற்றை ஆள் பார்த்து மாற்றாததால்தான். யார்டில் நின்றாலும் ஆபீசில் நின்றாலும் மூத்தவர் மூத்தவர்தான் அவர்களுக்கு. நாளை உங்களுக்குப் பிள்ளை பிறந்து, அது என்னைத் தாத்தா என்று கூப்பிட்டால் சந்தோஷப்படுவேன். ஆனால் ஏதோ ஒரு கடையில், ஏதோ ஒரு மேனேஜர் முன்னால், அதே குழந்தை என்னை அங்கிள் என்று சொல்ல நேர்ந்தால் நான் யாரைக் குறைசொல்வது? அதை நினைத்துப் பார். நான் நினைத்துப் பார்க்காமல் போனேன்.

அடுத்த மாதம் லீவ் போட்டிருக்கிறேன். ஃபார்மில் காரணம் என்ற இடத்தில் 'அண்ணனைப் பார்க்க' என்று எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, "உங்களுக்கு அண்ணன் இருக்காரா? சொன்னதே இல்லையே" என்றார். "இருக்கார் சார். நம்ம யார்டு வேலு" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க இப்படி ஜோக் அடிப்பீங்கன்னு தெரியாதே" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஒருவழியாக உண்மையைச் சொன்னால் அது ஜோக்காகப் போகிறது. அதனால்தான் எழுதி எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

நீயும் மாலியும் என்னோடு வாருங்கள். அவர் வீட்டு வாசலில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். நீ அவரைத்தான் முதலில் கும்பிடவேண்டும், பெரியப்பா என்று சொல்லி, கட்டைவிரல் மூக்கில் பட. என்னை முதலில் கும்பிட்டால் நான் கையெடுக்கமாட்டேன், சொல்லிவிட்டேன். அதற்குள் நானும் பழகிக்கொண்டிருக்கிறேன். தினம் காலையில் டியூட்டிக்குப் போகும்போது, காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். மாலிக்கு ஒரு டிராஃபிக்கில் வந்த சொல் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. வாயில் வராததைக் கையால் எழுதிவிடுகிறேன். எல்லோரும் படித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வேலுச்சாமியின் தம்பி